59 வயதில் ஒரு வேலை நீக்கம்: ஜெர்மனி சொல்லும் கதை

இன்றைய எபிசோட் கொஞ்சம் சங்கடமான ஒரு கேள்வியைப் பற்றியது. ஒருவருக்கு வேலை போய்விட்டது. கையில் சேமிப்பு இருக்கிறது. இனி வேலைக்கே போக வேண்டாம், சீக்கிரமே ஓய்வு எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டார். அவர் இருக்கும் நாட்டில் வேலையின்மை உதவித்தொகை உண்டு. அதை அவர் வாங்கலாமா? "இத்தனை வருஷம் என் சம்பளத்துல பிடிச்ச காசுதானே?"ன்னு கேட்டா நாம என்ன சொல்வோம்?

இதைத் தனி மனிதரின் நேர்மை பற்றிய கேள்வியாகத்தான் நாம் வழக்கமாகப் பார்ப்போம். ஆனால் மேற்கு ஜெர்மனியில் இது பெரிய கம்பெனிகள் வெளிப்படையாகவே நடத்திய ஒரு ஏற்பாடு. அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் வேலையிழப்புக் காப்பீட்டுச் சட்டம் 1927-ல் வந்தது. தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டுவார்கள். வேலை போனால் அதிலிருந்து பணம் கிடைக்கும். ஒரு முக்கியமான நிபந்தனை: வேலை கிடைத்தால் போகத் தயாராக இருக்க வேண்டும். அதாவது இது சேமிப்புக் கணக்கு இல்லை, காப்பீடு. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். விபத்தே நடக்கலைன்னா, கட்டின காசைத் திருப்பிக் கேட்க முடியாது இல்லையா? அந்த மாதிரி.

1957-ல் அடுத்த திருப்பம். கான்ராட் அடனாவர் ஆட்சியில் வந்த பென்ஷன் சீர்திருத்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. வழக்கமான ஓய்வு வயது 65. ஆனால் ஒரு வருடம் வேலையில்லாமல் இருந்தவர் 60 வயதிலேயே பென்ஷன் வாங்கலாம். நோக்கம் நல்லதுதான். 60 வயதில் வேலை இழந்தவரை யார் மறுபடி வேலைக்கு எடுப்பார்கள்?

1970-களில் எண்ணெய் நெருக்கடி வந்தது, ஆலைகளில் ஆட்குறைப்பு தொடங்கியது. அப்போதுதான் கம்பெனிகள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தன. 59 வயதில் ஒருவரை அனுப்பிவிட்டால், ஒரு வருடம் வேலையின்மை உதவித்தொகை, 60-ல் பென்ஷன். நடுவில் வருமானம் குறையும் இடத்தைக் கம்பெனி தன் கையிலிருந்து நிரப்பிவிடும். இதற்கு '59 விதி' என்றே பெயர் வந்துவிட்டது.

இதில் யாருக்கு நஷ்டம்? தொழிலாளிக்கு ஐந்து வருடம் முன்னதாகவே ஓய்வு. கம்பெனிக்குச் சண்டையில்லாத ஆட்குறைப்பு. இளைஞர்களுக்கு இடம் கிடைக்கும் என்று தொழிற்சங்கத்துக்கும் ஒரு நம்பிக்கை. பேச்சுவார்த்தை மேஜையில் இருந்த எல்லோருக்கும் லாபம். பணம் கட்டியவர்கள்தான் அந்த மேஜையில் இல்லை. சின்னக் கடையில் வேலை பார்ப்பவரும் அதே காப்பீட்டுக்குத்தான் பணம் கட்டினார். அவருடைய முதலாளியிடம் இப்படி மேல்தொகை போட்டுக் கொடுக்க வசதி கிடையாது.

அரசாங்கமும் கவனித்தது. இப்படி அனுப்பப்பட்டவர்களின் உதவித்தொகையைக் கம்பெனிகளே திருப்பிக் கட்ட வேண்டும் என்று 1982-ல் ஒரு விதி வந்தது. ஆனால் சில வருடங்களிலேயே அரசு எதிர்த்திசையில் நடந்தது. மூத்தவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கும் காலத்தை நீட்டிக்கொண்டே போய், 1987-ல் 32 மாதம் வரை ஆக்கியது. இப்போ கணக்கு போட்டுப் பாருங்க: 60-லிருந்து 32 மாதத்தைக் கழித்தால் 57 வயது 4 மாதம். வெளியே போகும் வயது அந்த அளவுக்கு இறங்கியது.

எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாகப்பட்டது 1986-ல் வந்த '58 விதி'. 58 வயதைத் தாண்டியவர் வேலைக்குத் தயாராக இல்லாவிட்டாலும் உதவித்தொகை வாங்கலாம். பென்ஷனுக்குத் தகுதி வந்ததும் அதற்கு மாறிக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் போதும். வேலை தேடுகிற மாதிரி நடிக்கத் தேவையில்லை. தொழிலாளி பொய் சொல்ல வேண்டியிருந்த இடத்தில் சட்டமே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் பொய் முழுசாக மறையவில்லை, இடம் மாறியது. இவர்கள் வேலையில்லாதோர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதனால் அரசின் புள்ளிவிவரம் கொஞ்சம் அழகாகத் தெரிந்தது.

இதற்கிடையே ஜெர்மனி ஒன்றிணைந்தது. கிழக்கில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. அங்கேயும் 50-களில் இருந்தவர்களை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்புவதே வழியானது. காப்பீட்டுக்கான பங்களிப்பு 1990-ல் சம்பளத்தில் 4.3 சதவீதம், 1993-ல் 6.5 சதவீதம். இதற்குப் பெரிய காரணம் கிழக்கு ஜெர்மனியின் வேலையிழப்புதான், முன்கூட்டிய ஓய்வு மட்டும் இல்லை. ஆனாலும் இந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 1996-ல் வந்த சட்டம் அந்த 60 வயதைப் படிப்படியாக உயர்த்தியது; முன்னதாக வாங்கினால் மாதத்துக்கு 0.3 சதவீதம் பென்ஷன் குறையும் என்றது. 2007 கடைசியோடு 58 விதியும் புதியவர்களுக்கு மூடப்பட்டது.

2014-ல் பழைய கதை திரும்பப் பார்த்தது. 45 வருடம் பங்களித்தவர் 63 வயதில் பிடித்தம் இல்லாமல் ஓய்வு பெறலாம் என்று புதிய சட்டம். உடனே ஒரு பயம்: 61-லேயே வேலையை விட்டு, இரண்டு வருடம் உதவித்தொகையில் ஓட்டிவிட்டு, 63-ல் பென்ஷனுக்குப் போய்விடுவார்களே? அதனால் பென்ஷனுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் வாங்கும் உதவித்தொகைக் காலம் அந்த 45 வருடத்தில் சேராது என்று எழுதினார்கள். விதிவிலக்கு: கம்பெனி திவாலானாலோ முழுசாக மூடப்பட்டாலோ சேரும்.

அந்த விதிவிலக்கை நான் முக்கியமாக நினைக்கிறேன். நிஜமாகவே வேலையைப் பறிகொடுத்தவரையும், ஏற்பாடு செய்து வெளியே வந்தவரையும் பிரிக்க சட்டம் முயற்சி செய்கிறது. ஆனால் ஒரு மனிதரின் மனதில் என்ன இருக்கிறது என்று எந்தச் சட்டத்தாலும் பார்க்க முடியாது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். சீக்கிரம் ஓய்வு எடுக்கத் திட்டமிடுவதில் தப்பே இல்லை. வேலை போன ஒருவர் உதவித்தொகை வாங்குவதும் தப்பில்லை, நல்ல வேலை வந்தால் போவார் என்றால். வராத வேலையைத் தேடுவதாகக் கையெழுத்துப் போடும்போதுதான், அடுத்தவர் கட்டிய காப்பீட்டிலிருந்து எடுக்கிறோம். அதே சமயம், அந்த ஒரு கையெழுத்துக்காக ஒருவரைத் திட்டுவதற்கு முன், இதையே பல வருடம் ஆயிரக்கணக்கான பேருக்குத் திட்டம் போட்டுச் செய்த நிர்வாகங்களையும் கேள்வி கேட்க வேண்டும். அவர்களை யாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று கூப்பிடவில்லை. அதற்கு 'சுமுகமான ஆட்குறைப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.