காட்டுக்கு ஓட்டு இல்லை



போன வாரம் ஒகேனக்கல் பஸ்ஸில் என் பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காட்டோர ஊர், ஆடு வைத்துப் பிழைப்பவர். "சார், டெல்லியில் ஆட்சி மாறினால் நம்ம காட்டுச் சட்டமும் மாறுமா?" என்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

1882-ல் வந்த சென்னை வனச் சட்டம்தான் நம் பகுதிக் காடுகளைக் 'காப்புக்காடு' ஆக்க வழிசெய்தது. 1976-ல் 42-வது திருத்தம் காட்டை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. அன்று முதல் டெல்லியில் யார் யாரோடு கூட்டணி என்பது பென்னாகரத்து ஆட்டுக்காரரின் பிழைப்பையும் தொடுகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 2002 மே மாதம் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. வன ஆக்கிரமிப்புகளைச் செப்டம்பர் 30-க்குள் அகற்ற வேண்டும் என்பது உத்தரவு. அப்போது வாஜ்பாய் அரசு. அந்தத் துறையின் அமைச்சர் தி.மு.க.வின் டி.ஆர். பாலு. நாடெங்கும் பழங்குடியினர் போராடினார்கள். தேர்தல் நெருங்கிய 2004 பிப்ரவரியில் அதே அமைச்சகம் இறங்கிவந்து, பழங்குடியினருக்கு உரிமை தரலாம் என்று சுற்றறிக்கை விட்டது. உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது.

2004-ல் மன்மோகன் சிங் அரசு வந்தது. சுற்றுச்சூழல் துறை மறுபடியும் தி.மு.க.வுக்கே; இந்த முறை ஆ. ராசா. கட்சியும் அதே, துறையும் அதே. மாறியது அரசைத் தாங்கிய தோள்கள். சுமார் 60 இடதுசாரி எம்.பி.க்கள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். காட்டில் வாழ்வோரை வெளியேற்றுவது நிறுத்தப்படும் என்று குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்திலேயே எழுதப்பட்டது.

எதிர்ப்பும் இருந்தது. சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று 2005-ல் தெரியவந்த நேரம் அது. காட்டைப் பங்கு போட்டால் காடே போய்விடும் என்று வன உயிர் ஆர்வலர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெரும் விவாதத்துக்குப் பின் 2006 டிசம்பரில் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது.

அதில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. தன் சமூக வன வளத்தைக் காக்கவும், மீண்டும் தழைக்கச் செய்யவும், நிர்வகிக்கவும் கிராமத்துக்கு உரிமை உண்டு என்கிறது அது. மேய்ச்சலும் அந்த உரிமைப் பட்டியலில் இருக்கிறது.

பிறகு 2016. மோடி அரசு ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுமார் 40,000 கோடி ரூபாய். மக்களவையில் பெரும்பான்மை இருந்தது, மாநிலங்களவையில் இல்லை. கிராமசபையின் ஒப்புதல் வேண்டும் என்று காங்கிரஸ் அங்கே ஒரு திருத்தம் கேட்டது. விதிகளில் பார்த்துக்கொள்வதாக அமைச்சர் உறுதி சொன்னதும் திருத்தம் கைவிடப்பட்டது. பணம் வனத்துறை வழியாகவே போகிறது.

ஆக, காட்டைத் தழைக்கவைக்கும் உரிமை ஒரு சட்டத்தில் கிராமத்திடம். அதற்கான பணம் இன்னொரு சட்டத்தில் துறையிடம். இரண்டு கூட்டணிகள் பத்து வருட இடைவெளியில் எழுதிய இரண்டு சட்டங்கள். ஒன்றோடொன்று பேசுவதில்லை.

இது பழங்கதை அல்ல. மரப்பரப்பை 23.7-லிருந்து 33 விழுக்காடாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வந்திருக்கிறது. நம் மாவட்டத்தையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்து 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் எந்த மரம், எங்கே, மேய்ச்சல் தடம் எது என்பதை ஊரைக் கேட்காமல் முடிவு செய்தால், நட்ட கன்றைக் காக்க ஊரில் ஆள் இருக்காது.

ஆகவே அந்த மாணவருக்கும் உங்களுக்கும் என் பதில் இதுதான்: சட்டம் மாறும். அது எந்தப் பக்கம் மாறும் என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காட்டுக்கு ஓட்டு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அடுத்த கிராமசபைக்குப் போங்கள். நம் ஊருக்குச் சமூக வன உரிமை கேட்டு மனு கொடுத்திருக்கிறோமா என்று எழுந்து நின்று கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கியவர்களும் கேட்கலாம். இந்த முறை நான் பிரம்பு எடுக்க மாட்டேன்.