முதல் நிரலாக்க மொழி: பேசிக் முதல் பைத்தான் வரை

நிரலாக்கம் கற்கத் தொடங்குபவருக்கு எந்த மொழியை முதலில் கற்பிப்பது என்பது 1960-களிலிருந்தே ஆசிரியர்களிடையே விவாதிக்கப்பட்டு வரும் கேள்வி ஆகும். மொழிகள் பல மாறிவிட்டன. ஆனால் விவாதத்தின் மையம் மாறவில்லை. தொடக்கம் எளிதாக இருப்பது முக்கியமா, தொடக்கத்திலேயே நல்ல பழக்கம் அமைவது முக்கியமா என்பதே அது.

பேசிக் மொழியின் தோற்றம்

1957-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி அறிவியலாளர்களையும் பொறியாளர்களையும் மனத்தில் கொண்டு உருவானது. அக்காலத்தில் நிரலைத் துளை அட்டைகளில் பதித்துக் கணினி அறையில் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருக்க வேண்டும். சிறு பிழை இருந்தாலும் அட்டையைத் திருத்தி, மறுபடியும் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்களாக இருந்தவர்கள் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ். அக்கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் கலை, சமூக அறிவியல் பாடங்களைப் படித்தவர்கள். அவர்களும் கணினியைக் கையாள அறிந்திருக்க வேண்டும் என்று இவ்விருவரும் கருதினர். ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளைச் சுருக்கிக் கற்பிப்பது சரிவராது என்று கண்டு, பேசிக் என்னும் புதிய மொழியை உருவாக்கினர். 1964 மே 1 அதிகாலையில் அதன் முதல் நிரல்கள் இயங்கின.

லெட், பிரிண்ட், இஃப் போன்ற எளிய ஆங்கிலச் சொற்களே அதன் கட்டளைகள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறையால், மாணவர் தட்டச்சு செய்த இடத்திலேயே விடையைப் பெற முடிந்தது. பிழையை உடனே கண்டு உடனே திருத்தவும் முடிந்தது.

எதிர்ப்பும் பாஸ்கலும்

பேசிக்கில் கோடூ என்னும் கட்டளையால் நிரலின் எந்த வரிக்கும் தாவிச் செல்லலாம். நிரல் நீளும்போது இத்தாவல்கள் சிக்கலாகிப் படிப்பவரைக் குழப்பின. பேசிக்கில் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிப்பது ஏறக்குறைய இயலாதது என்று நெதர்லாந்தின் கணினியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975-இல் கடுமையாக எழுதினார்.

ஒழுங்கான அமைப்பைப் பழக்கும் நோக்குடன் சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த் 1970-இல் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். இது பல நாடுகளில் கல்லூரிகளின் முதல் மொழியானது. பின்னர் சி++, ஜாவா ஆகியவை அவ்விடத்தைப் பிடித்தன. தொழில்துறையில் அவற்றுக்கு இருந்த தேவை இதற்கு முக்கியக் காரணம்.

பைத்தான்

ஆம்ஸ்டர்டாம் நகரின் ஆய்வு நிறுவனம் ஒன்றில், பேசிக்குக்கு மாற்றாக ஏபிசி என்னும் மொழி உருவானது. அப்பணியில் பங்கேற்ற கைடோ வான் ராசம் 1991-இல் பைத்தானை வெளியிட்டார். இதில் கட்டளைகளின் தொகுதியை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே காட்டுகிறது. பேசிக்கின் எளிமையும் பாஸ்கல் வலியுறுத்திய ஒழுங்கும் இதில் ஓரளவு இணைந்தன. தமிழ்நாட்டின் புதிய பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் மாணவர்கள் 11-ஆம் வகுப்பில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தான் பயில்கின்றனர்.

வரலாறு காட்டுவது

மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு ஆகிய கருத்துகள் இம்மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. ஒன்றில் தெளிவாகக் கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது எளிது. பேசிக்கில் தொடங்கிய பலர் பிற்காலத்தில் சிறந்த நிரலாளர்களாயினர். டைக்ஸ்ட்ராவின் அச்சம் முழுமையாக மெய்ப்படவில்லை. கெமெனியும் கர்ட்சும் முதலில் கேட்டது எது சிறந்த மொழி என்பதை அன்று. கற்கப்போகிறவர் யார் என்பதையே. முதல் மொழியைத் தேர்வு செய்யும் மாணவரும் அக்கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.