கண் எழுதிய தீர்ப்பு

ஒருவர் பயணம் செய்யத் தக்கவரா, தகாதவரா என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு நம் நாட்டு விமானப் பயண விதிகளில் தெளிவான விடை எழுதப்பட 14 ஆண்டுகள் ஆயின என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. மறு ஆண்டே, அவர்களை ஏற்றிச் செல்வது குறித்து விமான நிறுவனங்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதிகளை வகுத்தது. ஆக, ஏட்டில் உரிமை இருந்தது.

ஆயினும் 2012 பிப்ரவரி 19 அன்று நடந்தது என்ன? பெருமூளை வாதத்தோடு வாழ்பவரும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவருமான ஜீஜா கோஷ், கோவாவில் ஒரு மாநாட்டில் கலந்துகொள்ளும் பொருட்டுக் கொல்கத்தாவில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தில் ஏறி அமர்ந்தார். விமானம் புறப்படுமுன் அவர் இறக்கிவிடப்பட்டார். அவரது உடல்நிலை பயணத்திற்கு ஏற்றதன்று என்பது நிறுவனத்தின் வாதம். எந்த மருத்துவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. தோற்றத்தைக் கண்ட கண்களே தீர்ப்பும் எழுதிவிட்டன. அவர் மாநாட்டிற்குச் செல்ல இயலாமற்போயிற்று.

அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2016 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. மாண்போடு வாழ்தல், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உரிமையின் பகுதி என்பதை எடுத்துரைத்த நீதிபதிகள், அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டனர். மாற்றுத்திறனாளிகள் வேண்டுவது பிறர் இரக்கமன்று, சமமான மதிப்பே என்பதை இவ்வழக்கு நாடறியச் செய்தது.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. 2022 மே 7 அன்று ராஞ்சி விமான நிலையத்தில், மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை இண்டிகோ நிறுவன ஊழியர் விமானத்தில் ஏற்ற மறுத்தனர். அவன் கலக்கமுற்றிருந்தான் என்பது அவர்கள் கூறிய காரணம். பெற்றோரும் அவனோடு தங்கிவிட்டனர். அந்நிறுவனத்திற்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் விதியும் திருத்தப்பட்டது: உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் மறுக்கலாகாது, பயணத்தின்போது ஒருவரது உடல்நிலை சீர்கெடும் என நிறுவனம் ஐயுற்றால், மருத்துவர் அவரை நேரிற் கண்டு ஆராய்ந்து கருத்துரைக்க வேண்டும்.

விதியில் விடை கிடைத்துவிட்டது. ஆனால் நிலைய வாயிலில் நிற்கும் ஊழியரின் கண்ணும் நம் கண்ணும் ஒன்றே அன்றோ? பேருந்திலும் பள்ளியிலும் திருமண வீட்டிலும், ஒருவரிடம் ஒரு சொல்லும் கேளாமலே அவரால் இயலாதென நாம் முடிவு செய்துவிடுகிறோம். முதலில் அவரைக் கேட்போம்.