சோலார் பேனல் வைத்தால் மட்டும் 'பசுமை ஸ்டேடியம்' ஆகிவிடுமா? நசரத்பேட்டையில் அரங்கம் வந்தால் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

கிரிக்கெட் மேட்ச், இசை நிகழ்ச்சி, கண்காட்சி என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் பல்நோக்கு அரங்கத்துக்கு சென்னைக்குள் பெரிய இடம் கிடைப்பது இனி கஷ்டம்தான். புறநகரில் தேடினால், பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் நசரத்பேட்டை போன்ற பகுதிகள் கண்ணில் படும். அங்கே அப்படி ஓர் அரங்கம் வந்தால், அதை 'பசுமைக் கட்டடம்' என்று எப்போது சொல்லலாம்?

பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது சோலார் பேனல்தான். தைவானின் காவ்சியூங் ஸ்டேடியத்தின் கூரையில் 8,844 பேனல்கள் இருக்கின்றன. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 2015-ல் 400 கிலோவாட் சோலார் அமைக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அது மின்சாரத்துக்கு மட்டுமே பதில். வெயில், தண்ணீர், போக்குவரத்து, பயன்பாடு என இன்னும் நான்கு கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

1. வெயிலை எப்படிச் சமாளிக்கும்?

இது வெறும் சொகுசு பற்றிய கேள்வி இல்லை. 2024 அக்டோபர் 6-ம் தேதி மெரினாவில் நடந்த விமான சாகச நிகழ்ச்சிக்கு லட்சக்கணக்கானோர் திரண்டனர். அன்று 5 பேர் உயிரிழந்தனர். வெயிலின் தாக்கமே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. கூட்டம் கூடும் இடத்தில் நிழலும் காற்றும் குடிநீரும் உயிர் காக்கும் ஏற்பாடுகள் என்பதை அந்த நாள் காட்டியது.

இதற்கு நல்ல உதாரணம் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. சேப்பாக்கம் மைதானத்தின் பழைய கேலரிகளில் கனமான கான்கிரீட் கூரையும் தூண்களும் இருந்தன. 2011 உலகக்கோப்பைக்காக லண்டனின் ஹாப்கின்ஸ் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனம் புதிய கேலரிகளை வடிவமைத்தது. கான்கிரீட்டுக்குப் பதிலாக, இரும்பு வடங்களில் இழுத்துக் கட்டிய வெள்ளைச் சவ்வுக் கூரை வந்தது. கேலரிகளுக்கு இடையே இடைவெளி விட்டதால் கடல் காற்று உள்ளே வர வழி கிடைத்தது. கான்கிரீட் பகல் முழுக்க வெப்பத்தைச் சேர்த்து வைத்து மாலையில் வெளியே விடும். வெள்ளைச் சவ்வு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், வெளிச்சத்தை மட்டும் ஓரளவு உள்ளே விடும்.

ஆனால் நசரத்பேட்டைக்கு இதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. கடற்கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால், கடல் காற்று தாமதமாகத்தான் வந்து சேரும், அதன் வேகமும் குறைந்திருக்கும். அதனால் அகலமான நிழல் கூரை, உயரத்தில் சூடான காற்று வெளியேற வழி, சுற்றிலும் மரங்கள் எல்லாம் இங்கே கூடுதலாகத் தேவை.

2. தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும்?

மகாராஷ்டிராவில் கடும் வறட்சி நிலவிய 2016-ல், ஐபிஎல் போட்டிகளை மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது ஆடுகளத்துக்கு எதற்கு என்பதே அப்போது எழுந்த கேள்வி. 2024-ல் பெங்களூருவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை வைத்தே சின்னசாமி மைதானம் பராமரிக்கப்பட்டது. லாரித் தண்ணீரை நம்பி புல் வளர்த்தால் அது பசுமை அரங்கம் ஆகாது.

நசரத்பேட்டையில் இன்னொரு விஷயமும் உண்டு. பக்கத்திலேயே 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை மூழ்கியதை சென்னை மறக்கவில்லை. இப்படிப்பட்ட பகுதியில் பல ஏக்கர் பார்க்கிங்கை சிமென்ட் போட்டு மூடினால், மண்ணுக்குள் இறங்க வேண்டிய மழைநீர் பக்கத்துத் தெருவுக்குள் போகும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. பெரிய அரங்கத்துக்கு அது மட்டும் போதாது. நீர் உறிஞ்சும் தரை, மழைநீரைத் தேக்கும் குளம், வாய்க்கால்களை மறிக்காத கட்டட அமைப்பு எல்லாமே வேண்டும்.

3. ரசிகர்கள் எப்படி வருவார்கள்?

ஆளுக்கொரு காரில் வந்தால், சோலாரில் மிச்சமாகும் கார்பன் எல்லாம் சாலையிலேயே போய்விடும். 2024 ஐபிஎல் சீசனில் சேப்பாக்கம் டிக்கெட்டைக் காட்டி மாநகரப் பேருந்தில் இலவசமாகப் பயணிக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து தொடங்கும் மெட்ரோ 4-வது வழித்தடம் பூந்தமல்லி வரைக்கும்தான். அங்கிருந்து அரங்கத்துக்கு இணைப்புப் பேருந்து இல்லையென்றால் நெடுஞ்சாலையே பார்க்கிங் ஆகிவிடும்.

4. மற்ற நாட்களில் என்ன நடக்கும்?

பலரும் கவனிக்காத கேள்வி இது. சேப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய ஐ, ஜே, கே கேலரிகளில் சுமார் 12 ஆயிரம் இருக்கைகள். ஆனால் கட்டட விதிமுறைச் சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. 2021 இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட்டில்தான் மீண்டும் ரசிகர்கள் அமர்ந்தார்கள். எவ்வளவு நல்ல வடிவமைப்பாக இருந்தாலும், பூட்டிக் கிடந்தால் அதற்குச் செலவான சிமென்ட்டும் இரும்பும் வீண்தான்.

கத்தார் வேறு வழியை யோசித்தது. 2022 உலகக்கோப்பைக்காக 974 கப்பல் கண்டெய்னர்களை வைத்து, தேவை முடிந்ததும் பிரித்தெடுக்கும்படி ஒரு ஸ்டேடியத்தையே கட்டியது. நசரத்பேட்டையிலும் ஊர்ப் பிள்ளைகள் தினமும் விளையாட மைதானம் திறந்திருக்க வேண்டும். பெரிய கூட்டம் வரும் நாளுக்கு மட்டும் தற்காலிக இருக்கைகள் போட்டுக்கொள்ளலாம்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டடப் பரப்பு இருந்தால், பொதுவாக 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். இந்த வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஆனால் விண்ணப்ப விவரங்களை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பார்க்கலாம். தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், மழைநீர் எங்கே போகிறது, எத்தனை வண்டிகள் வரும் என்ற கணக்கெல்லாம் அதில்தான் இருக்கும். அடிக்கல் நாட்டிய பிறகு கேட்பதைவிட, அந்தப் பக்கங்களை முன்கூட்டியே படித்துவிட்டுக் கேட்பது நல்லது.