கிளாசிக்கல் கிட்டாரின் தந்தி பிறந்த கதை

கிளாசிக்கல் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் மரத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். முகப்பலகை ஸ்ப்ரூஸா, சிடாரா? முதுகும் பக்கங்களும் ரோஸ்வுட்டா, மஹோகனியா? கழுத்து நேராக இருக்கிறதா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் விரல் தொடுவது மரத்தை அல்ல, தந்தியை. நாதம் பிறப்பதும் அங்கேதான். மரம் அதை வாங்கிப் பெருக்கித் தருகிறது. இந்தக் கருவியின் வரலாற்றில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்ததும் அந்தத் தந்திதான்.

இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கிட்டாருக்குக் கொடுத்தவர் ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்டோனியோ டி டோர்ரஸ். 1817இல் பிறந்து 1892இல் மறைந்தவர். அவர் உடற்பகுதியைப் பெரிதாக்கினார். தந்தியின் அதிரும் நீளத்தை 650 மில்லிமீட்டர் அளவில் நிலைப்படுத்தினார். முகப்பலகையின் உட்புறத்தில் விசிறி போல விரியும் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி, மெல்லிய பலகையே இழுவிசையைத் தாங்கும்படி செய்தார். ஒலியின் உயிர் முகப்பலகையில்தான் இருக்கிறது என்று காட்ட, 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து ஒரு கிட்டாரே கட்டினார். இன்றைய தச்சர்கள் பலரும் அவர் வகுத்த வழியில்தான் நடக்கிறார்கள். ஆனால் டோர்ரஸ் தம் கிட்டாரில் பூட்டிய தந்தி ஆட்டுக்குடலால் ஆனது.

குடல் தந்தி செய்வது பழைய கைத்தொழில். அறுத்த ஆட்டின் சிறுகுடலைக் கழுவி, காரநீரில் ஊறவைத்து, கொழுப்பையும் சதையையும் சுரண்டி எடுப்பார்கள். மிஞ்சும் சவ்வை நீள நாடாக்களாகப் பிளந்து, ஈரத்தோடு முறுக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்து, வழுவழுப்பாகத் தேய்ப்பார்கள். எத்தனை நாடாக்களைச் சேர்த்து முறுக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தடிமன் அமையும். கிட்டாரின் மேல்சுருதித் தந்திகள் மூன்றும் இப்படி வந்தவை. கீழ்சுருதித் தந்திகள் மூன்றுக்கும் பட்டு நூலை உள்ளே வைத்து, மேலே மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றினார்கள்.

குடல் தந்தியின் நாதம் இனிமையானது. பழைய இசையை அந்தக் கால முறைப்படி வாசிப்பவர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். அதன் குறை நம்பகத்தில் இருந்தது. காற்றில் ஈரம் ஏறினால் அது நீரை உறிஞ்சி உப்பும், சுருதி ஓடிவிடும். வறண்ட காற்றில் விறைக்கும். ஆட்டின் குடல் இயற்கைப் பொருள் என்பதால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே தடிமனில் இருக்கும் என்று சொல்ல முடியாது. தடிமன் மாறினால், திறந்த தந்தி சுருதியில் நின்றாலும் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவதான பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது பிசகும். போதாக்குறைக்கு நகம் பட்டுப் பட்டு இழை பிரியும். முதல் தந்தி கச்சேரியின் நடுவிலேயே அறுந்துபோகும்.

அந்தச் சிரமத்தை முழுமையாக அனுபவித்தவர் ஆந்த்ரேஸ் செகோவியா. 1893இல் ஸ்பெயினின் லினாரஸில் பிறந்தவர். மதுக்கடையிலும் வீட்டுக்கூடத்திலும் ஒலித்த கிட்டாரைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோவதே தன் வாழ்நாள் வேலை என்று நம்பினார். 1924இல் பாரிஸிலும் 1928இல் நியூயார்க்கிலும் வாசித்தார். கிட்டாருக்கென்று எழுதும்படி இசையமைப்பாளர்களைத் தூண்டினார். போன்ஸே, டொர்ரோபா, காஸ்டெல்நுவோ-டெடெஸ்கோ போன்றோரின் படைப்புகள் அப்படிக் கிடைத்தவை. ஒலிபெருக்கி இல்லாமல் பின்வரிசை வரை ஒலியைக் கொண்டுசெல்ல அவர் நகத்தையும் சதையையும் சேர்த்து மீட்டினார். அந்த நகமே குடல் தந்திக்குப் பகையாக இருந்தது. ஒரு கருவியை பியானோவுக்கும் வயலினுக்கும் பக்கத்தில் உட்கார வைக்கப் போராடும் கலைஞருக்கு, அடுத்த நிமிடம் தந்தி நிற்குமா என்ற கவலை எவ்வளவு பெரிய சுமை!

எஃகுக் கம்பி அப்போதே இருந்தது. அமெரிக்காவில் பலர் கிட்டாரில் எஃகைப் பூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதன் இழுவிசையைத் தாங்க வேறு கட்டுமானம் வேண்டும், அதன் ஒலியும் வேறு. டோர்ரஸ் வழியில் வந்த மெல்லிய முகப்பலகைக்கு அது ஒத்துவராது.

விடை வந்தது, இசைக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலாளர், சிறு மூலக்கூறுகளைக் கோத்து நீண்ட சங்கிலிகளாக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். 1935 பிப்ரவரியில் அவருடைய குழு நைலானை உருவாக்கியது. அதை உருக்கி இழையாக இழுத்து, குளிர்ந்தபின் மறுபடி நீட்டினால், உள்ளே தாறுமாறாகக் கிடந்த சங்கிலிகள் ஒரே திசையில் வரிசைப்படும். இழை பல மடங்கு வலுப்பெறும். கரோதர்ஸ் 1937இல் இறந்துபோனார். தன் கண்டுபிடிப்பு கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1938இல் நைலான் பல் துலக்கும் பிரஷ்ஷின் இழையாக வந்தது. 1940 மே மாதம் பெண்களின் காலுறையாக அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. இதைக் கிட்டாரில் கட்டலாம் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் நினைக்கவில்லை.

நினைக்க வைத்தது போர். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டவர்களின் உடலுக்குள் தையல் போட ஆட்டுக்குடல் நூல் தேவைப்பட்டது. தானாகக் கரைந்துவிடும் நூல் அது. குடல் மருத்துவமனைகளுக்குப் போனது, இசைக்கலைஞர்களுக்குத் தந்தி கிடைக்கவில்லை. நைலானும் போருக்குத்தான் போனது. பாராசூட் துணியும் கயிறும் அதில் நெய்யப்பட்டன. உள்நாட்டுப் போரால் ஸ்பெயினை விட்டு வெளியேறி, உருகுவேயின் மான்டிவீடியோவில் வாழ்ந்த செகோவியா, 1943இல் மீண்டும் நியூயார்க் வந்தபோது கையிருப்பில் இருந்த தந்திகளை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டிய நிலை.

இங்கே கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. செகோவியா சொன்னது: பிரிட்டிஷ் தூதரகத்தைச் சேர்ந்த லிண்டெமன் என்ற தளபதியிடம் தந்தித் தட்டுப்பாட்டைச் சொல்லி வருந்தினார். ஒரு மாதம் கழித்து அவர், டூபான்ட் குடும்பத்தாரிடமிருந்து வாங்கிய சில நைலான் இழைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒலியில் ஓர் உலோகச் சாயல் இருந்தது, ஆனாலும் தந்தி நின்றது.

இரண்டாவது கதை ஆல்பர்ட் அகஸ்டின் வீட்டுக் கதை, அவர் மனைவி ரோஸ் சொன்னது. அகஸ்டின் டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய கிட்டார் தச்சர். போர்க்காலக் கட்டுப்பாடுகளால் அவருக்கும் தந்திக்கான பொருள் கிடைக்கவில்லை. கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ராணுவத்தின் மிச்சப் பொருள் விற்கும் ஒரு கடையில் நைலான் இழை கண்ணில் பட்டது. வாங்கிவந்து கிட்டாரில் கட்டிப் பார்த்தார்.

இந்த இரண்டில் எது முந்தியது என்று நான் வழக்காடப் போவதில்லை. செகோவியாவுக்குத் தேவையும் தேர்ந்த காதும் இருந்தன. அகஸ்டினுக்குப் பட்டறையும் பொறுமையும் இருந்தன. இருவரும் ஒரே ஊரில் சந்தித்தது கிட்டாரின் நற்பேறு. இவர்களோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு பெயர் ஓல்கா கோயெல்யோ. பிரேசில் நாட்டுப் பாடகி, கிட்டார் கலைஞர். 1944 ஜனவரியில் நியூயார்க்கில் நைலான் தந்தி பூட்டிய கிட்டாரோடு முதன்முதலில் கச்சேரி செய்தவர் அவர்தான். மேடையில் ஒரு புதுப்பொருளை நம்பி ஏறுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் கடையில் கிடைத்த இழை வேறு, இசைத்தந்தி வேறு. தந்தியின் சுருதியை நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் எடை ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி வகுத்த விதி இது. தடிமன் ஓரிடத்தில் சற்றே மாறினாலும் எடை மாறும்; எடை மாறினால் ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் சுருதி தப்பும். பிரஷ்ஷுக்கும் பாராசூட் கயிற்றுக்கும் அது ஒரு பொருட்டே அல்ல. கிட்டாருக்கு அதுதான் எல்லாம். முதல் தந்திக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 0.8, மூன்றாவதற்கு 1 மில்லிமீட்டர் என்று, தலை முதல் வால் வரை அளவு மாறாத, வழுவழுப்பான இழை வேண்டும். அதை ஒரு தச்சர் தனியாகச் செய்துவிட முடியாது. இழையை உருக்கி இழுக்கும் ஆலை துணை வரவேண்டும்.

அகஸ்டின் டூபான்ட்டை அணுகினார். நைலானின் ஒலியைக் கிட்டார் கலைஞர்கள் ஏற்பார்கள் என்று அவர்கள் நம்பவில்லை. அகஸ்டின் வாதாடவில்லை, காதிடமே தீர்ப்பை விட்டார். எது குடல், எது நைலான் என்று சொல்லாமல் இரண்டையும் வாசிக்கக் கேட்கவைத்தார். நிறுவனத்தார் நல்ல கிட்டார் ஒலி என்று தேர்ந்தது நைலானைத்தான். அதன்பிறகு அவர்கள் துணைநின்றார்கள். சில ஆண்டு உழைப்புக்குப் பின், 1947–48 வாக்கில், வணிக அளவில் தயாரான முதல் நைலான் கிட்டார் தந்தி அகஸ்டின் பெயரில் வெளிவந்தது. கீழ்த்தந்திகளில் பட்டு நூலின் இடத்தை நூற்றுக்கணக்கான மெல்லிய நைலான் இழைகளின் கற்றை பிடித்தது. அதன்மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. இன்றும் உலகெங்கும் பெரும்பாலான கீழ்த்தந்திகள் இதே அமைப்புதான். அகஸ்டின் 1967இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய தந்திகள் இன்றும் கடைகளில் இருக்கின்றன.

மாற்றத்தில் இழப்பே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. நைலான் குடலைவிட எடை குறைந்த பொருள். அதே சுருதிக்கும் இழுவிசைக்கும் தந்தி தடிக்க வேண்டியிருக்கிறது. தடித்த தந்தி வளைய மறுக்கும், மேற்சுரங்கள் மங்கும். மூன்றாம் தந்தி மட்டும் சற்று மந்தமாக ஒலிப்பதாகக் கிட்டார்காரர்கள் சொல்லும் குறைக்கு இதுவே காரணம். அதைத் தீர்க்கத்தான் அடர்த்தி கூடிய, அதனால் மெலிந்த, ‘கார்பன்’ தந்திகள் பின்னாளில் வந்தன. அவற்றின் ஒலி பளிச்சென்று இருக்கும். நைலானின் மென்மை பிடித்தவர்கள் நைலானிலேயே நிற்கிறார்கள். மூன்றாம் தந்தியை மட்டும் கார்பனில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

கிடைத்ததோ மிகப் பெரிது. நகத்தால் மீட்டினாலும் பிரியாத வழுவழுப்பான தந்தி வந்தபின், நகத்தின் வடிவத்தைத் தேய்த்துத் தேய்த்துச் செம்மையாக்கி, அதில் நூறு நிறங்களைத் தேடும் கலை வளர்ந்தது. கச்சேரிக்காரர் சுருதிக் கவலையின்றி நீண்ட படைப்புகளை வாசிக்க முடிந்தது. இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. கடற்கரை ஊரானாலும் மலையூரானாலும், காசு அதிகம் இல்லாத ஒரு மாணவர் நம்பி வாங்கக்கூடிய தந்தி கிடைத்தது. சென்னையின் ஐப்பசி ஈரத்தில் குடல் தந்தியோடு ஒரு குழந்தை கிட்டார் பழகுவதை நினைத்துப் பாருங்கள்; பாதி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போயிருக்கும். செகோவியா கிட்டாரை அரங்கில் ஏற்றினார். வீடுகளுக்குள் கொண்டு சேர்த்ததில் இந்தத் தந்திக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்தக் கதை தெரிந்தவர் தம் கிட்டாரைக் கவனிக்கும் விதமே மாறும். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து முகப்பலகையை இழுப்பது ஏறத்தாழ 40 கிலோ. எஃகுத் தந்திகளின் இழுப்பு 70 கிலோவைத் தொடும். எனவே ஒலி கூடும் என்று யார் சொன்னாலும் கிளாசிக்கல் கிட்டாரில் எஃகைப் பூட்டாதீர்கள். முகப்பலகையில் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் பெயரும், முகப்பலகை புடைக்கும், கழுத்து வளையும். வாங்கும்போதே பாருங்கள்: தந்தியை பிரிட்ஜில் முடிச்சிட்டுக் கட்டும் அமைப்பு இருந்தால் அது நைலானுக்கான கிட்டார்.

புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும். அது குறையல்ல, நைலானின் இயல்பு. பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சுருதி சேர்த்தால் நிலைக்கும். வழுவழுப்பான முதல் தந்தி முடிச்சிலிருந்து நழுவி, முகப்பலகையைச் சாட்டை போல அடித்துத் தழும்பாக்கும். அதனால் அதற்கு மட்டும் கூடுதல் சுற்று போட்டு இறுக்குங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. கீழ்த்தந்திகள் முதலில் கிழடாகும்; வியர்வையில் செம்பு கறுக்கும், ஃப்ரெட்டில் உரசிச் சுற்று தேயும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவைத்தால் ஆயுள் கூடும். மரத்துக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. கடலோர ஊர்களில் அது தாண்டும் என்பதால், வாசிக்காத நேரத்தில் கிட்டாரை உறையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைக் கூட வையுங்கள்.

கிட்டாரின் ஒலி மங்கிவிட்டது, வேறு வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் தந்தியை மாற்றுங்கள். டோர்ரஸ் மரத்தில் என்ன செய்தாலும், அதை ஒலிக்க வைக்கத் தகுந்த தந்திக்கு உலகம் அவருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தது. ஒரு கலைஞரின் குறையை ஒரு தச்சர் காதுகொடுத்துக் கேட்டதால் அது கிடைத்தது. கிட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பக் காசு அதற்கு. அந்தக் காசைச் செலவழிக்காமல் கருவியைக் குறை சொல்வது கருவிக்கும் நியாயமில்லை, நம் காதுக்கும் நியாயமில்லை.