கோட்டுக்கு உள்ளே ஒரு கால்

திருச்சிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்துக்காரர் கோவிந்தன் லட்சுமணன். 2017ல் புவனேஸ்வரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 26, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. 10,000 மீட்டரை 29 நிமிடம் 44.91 விநாடியில் ஓடி மூன்றாவதாக வந்தார். வெண்கலம்தானே? இல்லை, தகுதி நீக்கம்! ஒருவரை முந்த முயன்றபோது இடது கால் தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிவிட்டதாம். இந்தியாவின் முறையீடும் தள்ளுபடி. பதக்கம் சீன வீரருக்குப் போனது.

இதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? வெளிப்பக்கமாக இரண்டாம் தடத்தில் ஓடினால் ஒரு சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடுதல் தூரம். அதனால்தான் எல்லோரும் உள்விளிம்பை ஒட்டியே ஓடுகிறார்கள். வளைவில் அதற்கும் உள்ளே மிதித்தால் தூரம் குறைந்துவிடும். யாராவது தள்ளிவிட்டிருந்தால் மட்டும் மன்னிப்பு உண்டு. (ஒவ்வொருவராகப் புறப்படும் பனிச்சறுக்கு நெடும்பந்தயத்தில், பின்னால் வருபவர் குரல் கொடுத்தால் முன்னே போகிறவர் விலகி வழிவிட வேண்டும். தடகளத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது.)

பின்னாளில் விதி கொஞ்சம் இளகியது. வளைவில் ஒரே ஒருமுறை கோட்டை மிதித்து, அதில் ஆதாயமும் இல்லை, யாரையும் இடிக்கவும் இல்லை என்றால் இப்போது தகுதி நீக்கம் இல்லை. 2018ல் அந்தச் சலுகை கிடையாது.