வாலஸின் துணைவர் அலி

கிராம்பு விளையும் மலுக்குத் தீவுகளுள் ஒன்று தெர்னாத்தே, சுல்தான்களின் அரசிருக்கை. 1858 பெப்ரவரி எனத் தேதியிட்டு அங்கிருந்து ஆங்கில இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அனுப்பிய கட்டுரையொன்று டார்வினைத் திடுக்கிடச் செய்தது. தாம் இருபதாண்டுகளாய் எண்ணி வைத்திருந்த கருத்தே அதிலும் இருக்கக் கண்டார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் இருவர் எழுத்தும் ஒருங்கே படிக்கப்பெற்றன.

கருத்து இதுதான்: பிழைக்கக்கூடிய அளவினும் மிகுதியாகவே உயிர்கள் ஈனுகின்றன. ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இரை தேடவும் பகைக்குத் தப்பவும் உதவும் வேறுபாடு வாய்க்கப்பெற்றவை எஞ்சி இனம் பெருக்க, அவ்வியல்பு சந்ததிக்கு இறங்குகிறது. தலைமுறைகள் எண்ணற்றுக் கழியப் புதிய இனம் தோன்றுகிறது. மார்க்க அறிஞரிடையே இதுபற்றிப் பலவாறான கருத்துகள் உண்டு. அவ்வழக்கில் நாம் புகவில்லை. நாம் பேச விழைவது அலியைப் பற்றி.

1855இல் சரவாக்கில் வாலஸிடம் பணிக்கமர்ந்த மலாய் இளைஞர் அவர். சமைத்தார், எசமானருக்கு மலாய்மொழி பழக்கினார். விரைவிலேயே பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பாடம் செய்யவும் தேர்ந்தார். இதனை எடுபிடி வேலையென்று தள்ளிவிடலாகாது. ஓரினத்துப் பறவைகள் பலவற்றை அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி அவற்றின் நுண்ணிய வேறுபாடு புலனாகாது. அவ்வேறுபாடன்றோ கொள்கையின் அடிப்படை! எட்டாண்டுகளில் வாலஸ் திரட்டிய 8,050 பறவைகளில் அலியின் உழைப்பு பெரிது.

1858 அக்டோபரில் பச்சான் தீவின் காட்டிலிருந்து அலி ஒரு பறவையோடு திரும்பினார். மார்பில் மின்னும் பச்சை. தோளுக்கு இரண்டாக நீண்ட வெண்ணிறகுகள். எவரும் அதுவரை விவரித்திராத சொர்க்கப் பறவை அது. அறிவியல் அதற்குச் சூட்டியது வாலஸின் பெயரை. கண்டெடுத்தவர் பெயர் விடுபட்டது நமக்கு உறுத்தவே செய்கிறது. ஆயினும் வாலஸை நன்றி மறந்தவர் என்றும் சொல்வதற்கில்லை. 1862இல் சிங்கப்பூரில் பிரியுமுன் அலியைப் புகைப்படம் எடுப்பித்தார். பணமும் துப்பாக்கிகளும் தந்தார். 1905இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அப்படத்தைச் சேர்த்து, தம் பயணங்களின் உற்ற துணைவரென எழுதினார்.

1907இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் பார்பர் தெர்னாத்தே சென்றபோது, நீலத் துருக்கித் தொப்பி அணிந்த மலாய் முதியவர் ஒருவர் அவரை அணுகினார். தம் பெயர் 'அலி வாலஸ்' என்றார்.